வரிக்குதிரை ஒட்டோ: திருகோணமலைத் தண்ணியிலும் வெக்கையிலும் நிலைக்க வைப்பது எப்படி?

உப்புவெளி_தொட்டி

வணக்கம். கொழும்பு இறக்குமதிக்காரர் ஒருவரிடம் வரிக்குதிரை ஒட்டோ என்கிற, பாசி மேய்கிற சின்ன மீன் 8 சொல்லி வைத்திருக்கு. விஞ்ஞானப் பெயர் ஒட்டோசின்க்ளஸ் கொக்காமா. வந்து சேர மூன்று கிழமை ஆகும். அதற்குள் எதை எதை ஆயத்தம் செய்ய வேண்டும் என்று அறியத்தான் இந்தப் பதிவு.

தொட்டி 90×38×38 சென்ரிமீற்றர். மணல், கல் போக 110 லீற்றர் தண்ணி நிற்கும். ஸ்பொஞ்ச் பில்டர் இரண்டு. அனுபியாஸ், ஜாவா பேர்ன், வலிஸ்நேரியா செடிகள் உண்டு. சைக்கிள் (மீன் கழிவை மாற்றுகிற பற்றீரியா தொட்டியில் பிடிக்கிற காலம்) முடிந்தது, அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியம்.

கிணத்துத் தண்ணி: பி.எச் (அமில, கார அளவு) 7.9, ஜி.எச் (கடினம்) 18, டி.டி.எஸ் (கரைந்திருக்கிற உப்பு) 620.
பைப் தண்ணி: பி.எச் 7.4, ஜி.எச் 3, டி.டி.எஸ் 150. ஆனால் எந்நேரமும் வராது.

கச்சான் (தென்மேற்கு வெக்கைக் காற்று) வீசுகிற மாதங்களில் பின்னேரம் தொட்டி 31, 32 பாகைக்கு ஏறுது.

கேள்விகள் இவை. எந்தத் தண்ணி? அமேசன் மீன் என்பதால் நாட்டு வாதுமை இலை போட்டுக் கறுப்பாக்க வேண்டுமா? கண்ணாடியில் படிகிற பாசி எட்டு மீனுக்குக் காணுமா? வெக்கையை எப்படிக் குறைப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டோ வாங்குகிற வீடுகளில் முதல் மாதத்திலேயே பாதி போய்விடுகிறதே, அது ஏன்?


பாலையூற்று_பாசி

தம்பி, கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். மற்றதுக்கெல்லாம் விடை அதற்குள்தான் இருக்கு.

ஒட்டோ பெரும்பாலும் சாவது பட்டினியால். தண்ணி சரியில்லை, வருத்தம் வந்துவிட்டது என்று மருந்து ஊற்றுகிறார்கள். மீன் பசியில் கிடக்குது. இது 4 சென்ரிமீற்றர் அளவு மீன். விழித்திருக்கிற நேரமெல்லாம் இலையையும் கல்லையும் உரசி மெல்லிய படலத்தைத் தின்னும். குடல் நீண்டு சுருண்டது. தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். பெருவில் பிடித்த மீன் இகிற்றோஸ் நகரத்துக் கூடங்களில் தங்கி, விமானம் ஏறி, கொழும்பில் இன்னொரு வெறும் கண்ணாடித் தொட்டியில் நின்று, பிறகுதான் உங்களிடம் வருது. இந்தப் பயணம் முழுக்க அதற்குத் தின்னக் கூடிய படலம் எங்கேயும் இல்லை. வீட்டுக்கு வந்ததும், சைக்கிள் முடிந்த, நன்றாகத் துடைத்து வைத்த தொட்டி. அங்கேயும் ஒன்றும் இல்லை. இரண்டு கிழமை உயிரோடு இருந்துவிட்டுப் போய்விடும்.

இன்னொரு சிக்கல், மெலிவு கண்ணுக்குப் படாது. ஒட்டோ சேர்ந்த லொறிக்கேரிடே குடும்பத்து மீன்களுக்குச் செதில் கிடையாது, எலும்புத் தட்டுகள்தான். உள்ளே சதை வற்றினாலும் முதுகும் பக்கமும் வடிவம் மாறாமல் அப்படியே நிற்கும். வயிற்றை மட்டும்தான் நம்பலாம். மீன் கண்ணாடியில் ஒட்டி நிற்கும்போது வெளியில் இருந்து அடிப்பக்கத்தைப் பாருங்கோ. வயிறு மெல்லப் புடைத்து, உள்ளே குடல் பச்சையாகவோ மண்ணிறமாகவோ தெரிந்தால் தின்கிறது. தட்டையாக இருந்தால் இன்றே தீன் வேண்டும். இரண்டு பக்கத் துடுப்புக்கும் நடுவில் குழி விழுந்திருந்தால் கடையிலேயே விட்டுவிடுங்கோ. அந்த நிலைக்குப் போனது மீண்டு வருவது அரிது.

எனவே மூன்று கிழமை இருக்கென்றால் இன்றைக்கே பாசிக்கல் வளர்க்கத் தொடங்குங்கோ. கண்ணாடிப் பாசி எட்டு மீனுக்கு ஒரு கிழமை தாங்காது.

செய்முறை: உள்ளங்கை அளவு வழவழப்பான ஆற்றுக்கல் 20 முதல் 25. முருகைக்கல் வேண்டாம், அது கரைந்து கடினத்தைக் கூட்டும். சந்தேகம் இருந்தால் கல்லில் விநாகிரி ஒரு சொட்டு விடுங்கோ, நுரைத்தால் சுண்ணாம்பு. கற்களை அகலமான பிளாஸ்ரிக் பேசினில் ஒரு படையாக அடுக்கி, கல்லுக்கு மேல் நாலு விரல் தண்ணி. புதுத் தண்ணியை விட தொட்டியில் இருந்து மாற்றி எடுத்த தண்ணி நல்லது. அதில் நைத்திரேற்று இருக்கும், பாசிக்கு அதுதான் உரம். பேசினைக் காலை வெயில் மட்டும் விழுகிற இடத்தில் வையுங்கோ. நாள் முழுக்க நம்முடைய வெயிலில் வைத்தால் தண்ணி கொதித்து, மென்மையான பாசி செத்து நீலப்பச்சைச் சளி வந்துவிடும். அது நாற்றம் அடிக்கும், விரலால் இழுத்தால் தாளாக உரிந்து வரும். ஒட்டோ அதைத் தொடாது. வந்தால் கழுவி முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

வேண்டியது விரலால் தேய்த்தால் வழுக்கி வருகிற மண்ணிறப் படலமும் இளம்பச்சைப் படலமும். பத்து நாளில் இருந்து இரண்டு கிழமைக்குள் பிடித்துவிடும். நூல்பாசி, கறுப்புத் தாடிப்பாசி, கண்ணாடியில் கெட்டியாகப் புள்ளி புள்ளியாக ஒட்டுகிற பச்சை மூன்றையும் இந்த மீனால் தின்ன முடியாது. வாய் சிறியது, பல்லும் நுண்ணியது.

ஒன்றை மறக்க வேண்டாம்: பேசினை நுளம்பு வலையால் இறுக்கி மூடுங்கோ. திறந்த தண்ணியில் ஒரு கிழமையில் நுளம்புப் புழு வந்துவிடும், டெங்குக்கு நாமே இடம் கொடுத்ததாகும். வலைக்குள்ளால் வருகிற வெளிச்சம் பாசிக்குக் காணும்.

மீன் வந்த பிறகு இரண்டு நாளைக்கு ஒருக்கா ஐந்து கல் உள்ளே, தின்று வெளுத்த ஐந்து கல் வெளியே பேசினுக்கு. இந்தச் சுற்று நிற்காமல் ஓட வேண்டும்.


கிண்ணியா_கரை

தண்ணிப் பக்கத்தை நான் சொல்றேன் தம்பி.

அமேசன் என்றதும் எல்லாரும் தேத்தண்ணி நிறத் தண்ணியைத்தான் நினைக்கிறாங்க. அது ரியோ நீக்ரோ மாதிரி கருநீர் ஆறுகளுக்குச் சரி, அங்க பி.எச் 4, 5 என்று போகும். கொக்காமா வருவது பெருவில் உக்கயாலி ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்து. உக்கயாலி ஆண்டீஸ் மலையில் இருந்து வண்டல் சுமந்து வருகிற ஆறு. அந்த வகைத் தண்ணி நடுநிலைக்குக் கிட்ட, கனிமமும் ஓரளவு இருக்கும். அதனால் பி.எச்சைக் கீழே இறக்க அமிலம் ஊற்றுவதெல்லாம் வீண் வேலை. 6.5 முதல் 7.5 வரை எங்கே நின்றாலும் போதும், ஆட்டம் இல்லாமல் நிற்கணும்.

வாதுமை இலை போடுங்க, ஆனால் கறுப்பாக்க இல்லை. இலை அழுகும்போது மேலே ஒரு வழவழப்புப் படியுது பாருங்க, அந்தப் படலத்தை ஒட்டோ மேயும். மரத்தில் பிடுங்கின பச்சை இலை கூடாது, சிவந்து தானாக விழுந்து காய்ந்ததுதான். கடற்கரை ரோட்டோரத்தில் பொறுக்கினால் உப்பும் தூசியும் இருக்கும். நல்லாக் கழுவி, ஒரு இரவு ஊறவைத்து அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுப் போடுங்க. 110 லீற்றருக்கு மூன்று இலை.

உங்க பைப் தண்ணி அளவு இந்த மீனுக்கு அப்படியே பொருந்தும். அதையே பிரதானமாக வையுங்க. வருகிற நேரம் இரண்டு பெரிய வாளியில் பிடித்து, எயார் ஸ்டோன் போட்டு 24 மணித்தியாலம் ஓடவிட்டால் குளோரின் போயிரும். அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்கு 100 லீற்றருக்கு 1 கிராம்.

பைப் வராத காலத்தில் கிணத்துத் தண்ணி ஒரு பங்கு, சேர்த்து வைத்த பைப் தண்ணி நாலு பங்கு. உங்க அளவுப்படி டி.டி.எஸ் 244, ஜி.எச் 6 வரும். நல்ல அளவு. ஐப்பசிக்குப் பிறகு மழைத்தண்ணி பிடிக்கலாம். மழைத்தண்ணியில் கனிமம் இல்லை, தனியாகப் பாவித்தால் பி.எச்சைப் பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது, திடீரென்று விழும். கிணத்துத் தண்ணி ஒரு பங்குக்கு மழைத்தண்ணி இரண்டு பங்காகக் கலந்தால் டி.டி.எஸ் 220 கிட்ட நிற்கும். முதல் கால்மணி மழையைப் பிடிக்க வேண்டாம். கரையோரக் கூரைகளில் உப்புக் காற்றுப் படிந்திருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று, ஆவியாகிற தண்ணியை எதால் நிரப்புறீங்க என்பது. கச்சான் காலத்தில் மூடி இல்லாத தொட்டியில் ஒரு நாளைக்கு 2 லீற்றர் போகலாம். போவது தண்ணி மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதைக் கிணத்துத் தண்ணியால் நிரப்பினால் 30 நாளில் 2×620×30, அதை 110 ஆல் வகுத்தால் 338. உங்க டி.டி.எஸ் ஒரு மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிப்போகும், நீங்க பி.எச் மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது. மேல்நிரப்புக்கு மழைத்தண்ணி, இல்லாவிட்டால் பைப். கிணறு கூடவே கூடாது.


உப்புவெளி_தொட்டி

நானா, மேல்நிரப்புக் கணக்கு நான் யோசித்தே பார்க்காத ஒன்று. மிக்க நன்றி.

மீன் வருகிற நாளைப் பற்றியும் சொல்லுங்கோ. பை கொழும்பில் இருந்து பஸ்ஸில் இரவு முழுக்க வரும். சொட்டுச் சொட்டாக இரண்டு மணித்தியாலம் தண்ணி விடச் சொல்கிறார்கள் சிலர்.

அண்ணா, மரக்கறி கொடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கெக்கரிக்காய்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.


சாம்பல்தீவு_மீன்

இவ்வளவு சிக்கல் ஏன்? கப்பி, மொலி எல்லாம் இந்தக் கிணத்துத் தண்ணியில்தானே நல்லா நிற்குது. கடைக்காரர்களும் கிணத்துத் தண்ணியில்தான் வைத்திருக்கிறார்கள். முதல் நாளே கிணத்துத் தண்ணிக்குப் பழக்கிவிட்டால் வேலை முடிந்தது.


கிண்ணியா_கரை

சாம்பல்தீவுத் தம்பி, கப்பியும் மொலியும் கடினத் தண்ணி மீன். அதுகளுக்கு 18 ஜி.எச் விருப்பம்தான். பண்ணையில் பல தலைமுறையாக வளர்ந்தவை வேற. ஒட்டோ இன்னும் பெரும்பாலும் ஆற்றில் பிடித்து வருவது. அது கடினத் தண்ணியில் உடனே சாகாது, அதை நானும் ஒத்துக்கொள்றேன். ஆனால் பட்டினியும் பயணக் களைப்பும் ஏற்கெனவே இருக்கிற மீனுக்கு, உடம்பு உப்புச் சமநிலையைத் திருப்பிப் பிடிக்கிற வேலையையும் அதே கிழமையில் கொடுக்கிறோம். மூன்றையும் ஒன்றாகத் தாங்காது. உடம்பு தேறி இரண்டு மூன்று மாதம் போன பிறகு, மாற்றுகிற தண்ணியில் கிணத்துப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி டி.டி.எஸ் 350 வரை கொண்டுபோனால் அது வேற கதை.

இப்ப வருகிற நாள். இரவு முழுக்க மூடின பைக்குள் இரண்டு காரியம் நடக்கும். மீன் விடுகிற மூச்சால் காபனீரொட்சைட் கூடி பி.எச் இறங்கும். கழிவால் அமோனியா கூடும். பி.எச் இறங்கியிருக்கும் வரை அந்த அமோனியா பெரும்பாலும் அமோனியமாக, அதிகம் கெடுதல் இல்லாத வடிவத்தில் கிடக்கும். பையைத் திறந்த உடன் காபனீரொட்சைட் வெளியேறி பி.எச் ஏறத் தொடங்கும். அமோனியம் நச்சு அமோனியாவாக மாறும். நம்ம வெக்கை அதை இன்னும் கூட்டும். அதனால் திறந்த பைக்குள் இரண்டு மணித்தியாலம் சொட்டுவிடுவது நன்மை என்று நினைத்துச் செய்கிற கெடுதல்.

சரியான வழி, தொட்டியைப் பைக்குப் பொருத்துவது. முதல் நாளே இறக்குமதிக்காரரிடம் தொலைபேசியில் கேளுங்க: உங்க தொட்டி டி.டி.எஸ் எவ்வளவு? அந்த அளவுக்கு உங்க தனிமைத் தொட்டி (புது மீனை முதலில் பிரித்து வைக்கிற தொட்டி) தண்ணியைக் கலந்து வையுங்க. பை வந்ததும் திறக்காமல் 20 நிமிசம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, திறந்து டி.டி.எஸ் பாருங்க. வித்தியாசம் 100 க்குள் என்றால் உடனே மாற்றலாம். கூட என்றால் பைத் தண்ணியைப் பாதி ஊற்றிவிட்டு, தொட்டித் தண்ணியைப் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா ஒரு கோப்பையாக, மொத்தம் 40 நிமிசத்துக்கு மேல் போகாமல். பைத் தண்ணி ஒரு சொட்டும் தொட்டிக்குள் வேண்டாம்.

வலை பாவிக்காதீங்க. முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்பிலும் முன்முள் இருக்கு, வலைக்கண்ணில் மாட்டினால் இழுக்க இழுக்கக் கிழியும். பிளாஸ்ரிக் கோப்பையால் அள்ளுங்க.

தனிமைத் தொட்டி 40 லீற்றர் போதும், நாலு கிழமை. அதை வெறும் தொட்டியாக வைத்தால் பாலையூற்று அண்ணன் சொன்ன பட்டினி திரும்ப வரும். பாசிக்கல் பத்து, இலை இரண்டு, ஜாவா பேர்ன் ஒரு கட்டு, பழைய தொட்டியில் ஓடின ஸ்பொஞ்ச் பில்டர். அந்த ஸ்பொஞ்சைப் பிழியாமல் அப்படியே கொண்டு வாங்க, அதன் மேல் இருக்கிற அழுக்கையும் மேயும். வெளிச்சத்தை முதல் நாள் அணைத்தே வையுங்க.

மருந்து ஒன்றும் முன்கூட்டி வேண்டாம். வெள்ளைப்புள்ளி கண்டால் கறியுப்பு லீற்றருக்கு 1 கிராம் என்ற அளவில், அயடீன் சேராத உப்பு, ஒரே தரமாகப் போடாமல் இரண்டு நாளில் கரைத்து விடுங்க. செம்பு சேர்ந்த மருந்தை இந்த மீனுக்குப் பாவிக்க வேண்டாம்.


பாலையூற்று_பாசி

மரக்கறி. கெக்கரிக்காய் எளிதில் கிடைக்கும், ஆனால் முக்கால்வாசிக்கு மேல் தண்ணிதான், சத்து இல்லை. அதை மட்டும் கொடுத்தால் வயிறு நிறைந்தாற்போல் இருக்கும், உடம்பு பிடிக்காது. பீர்க்கங்காய் நல்லது: தோல் சீவி, விரல் தடிப்பில் வட்டமாக வெட்டி, கொதிநீரில் 2 நிமிடம். பூசணி 4 நிமிடம். போஞ்சியை நீளவாக்கில் பிளந்து 3 நிமிடம். கங்குங் இலை அரை நிமிடம் காணும். சந்தை மரக்கறியில் மருந்து அடித்திருக்கும், அதனால் தோல் சீவுவது கட்டாயம். சீவ முடியாத இலையை உப்புத் தண்ணியில் ஊறவைத்து இரண்டு தரம் அலசுங்கோ.

துண்டை எவர்சில்வர் முள்ளுக்கரண்டியில் குத்தி இறக்கினால் மிதக்காது. விளக்கு அணைத்த பிறகு போட்டு, விடிந்ததும் எடுக்க வேண்டும். 30 பாகையில் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தால் தண்ணி பால்போல் கலங்கும், ஒட்சிசன் இறங்கும். எட்டு மீனுக்கு ஒரு இரவு ஒரு வட்டம் போதும்.

ஆற்று மீனுக்கு மரக்கறி என்பது தீன் என்றே தெரியாது. முதல் சில இரவு தொடாமல் விட்டால் மனம் விடாமல் தினமும் போடுங்கோ. ஒன்று பழகினால் மற்றவை பார்த்து வரும். இதனால்தான் இரண்டு மூன்று வாங்காமல் எட்டாக வாங்குவது சரி.

மரக்கறியை விட நான் நம்புவது கல்லில் பூசுகிற தீன். பச்சைப் பட்டாணி அவித்து, தோல் நீக்கி மசித்தது 50 கிராம். ஸ்பிருலினாத் தூள் 10 கிராம். தண்ணி 200 மில்லிலீற்றரில் அகர் தூள், நோன்புக்குக் கடல்பாசி காய்ச்சுகிற அதே தூள், 4 கிராம் கொதிக்கவிட்டு முழுக்கக் கரைய வேண்டும். அடுப்பால் இறக்கி, ஆவி அடங்கி, பாத்திரத்தை வெறும் கையால் ஒரு கணம் தொடக்கூடிய சூட்டில் பட்டாணியும் ஸ்பிருலினாவும் சேர்த்துக் கலக்கி, காய்ந்த கற்களின் மேல் கரண்டியால் மெல்லிய படையாக ஊற்றுங்கோ. சில நிமிடத்தில் உறைந்துவிடும். கொதியோடு ஸ்பிருலினாவைப் போட்டால் சத்து அழியும். ஆறவிட்டுப் போட்டால் அகர் கட்டிபட்டுவிடும். அந்த இடைச்சூடு முக்கியம்.

ஜெலற்றின் பாவிக்க வேண்டாம். குளிர்நாட்டுச் செய்முறைகளில் அதுதான் போட்டிருக்கும். நம்முடைய தொட்டிச் சூட்டில் அது இளகி ஒரு மணித்தியாலத்தில் கரைந்து தண்ணியைக் கெடுக்கும். அகர் கரைய 85 பாகை வேண்டும், அதனால் நிற்கும்.

பூசிய கற்களை பிரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். கல் ஒட்டாமல் இருக்கப் பிளாஸ்ரிக் தாள் இடையில் வையுங்கோ.

இனத்தை உறுதி செய்வது பற்றி ஒரு சொல். 1997 இல் ஸ்கொட் ஷேஃபர் ஒட்டோசின்க்ளஸ் பேரினம் முழுவதையும் மீளாய்வு செய்தபோது கொக்காமா அதில் இல்லை. 2004 இல்தான் பிரேசில் ஆய்வாளர் ரொபேர்ட்டோ ரெய்ஸ் அதைப் புது இனமாக விவரித்தார். உக்கயாலிப் பகுதியில் வாழ்கிற கொக்காமா மக்களின் பெயரைத்தான் வைத்திருக்கிறார். கடையில் சாதாரணமாக வருகிற விற்றாற்றஸ், மக்ரொஸ்பைலஸ் இனங்களுக்கு மூக்கில் இருந்து வால் வரை ஒரு கறுப்புக் கோடு படுக்கையாக ஓடும். கொக்காமாவுக்கு அந்தக் கோடு கிடையாது. வெளிர்ந்த உடம்பில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக இறங்கும். விலை வித்தியாசம் பெரிது, எனவே படம் கேட்டுப் பார்த்து முற்பணம் கட்டுங்கோ. தென்கிழக்காசியாவில் இருந்து வருகிற சைனீஸ் அல்ஜி ஈற்றரையும் ஒட்டோ என்று தருவதுண்டு. அது வளர்ந்து முரடாகி, மற்ற மீனின் உடம்பை உரசும்.


மட்டிக்களி_பச்சை

வெக்கை பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, அதனால் நான்.

இந்த மீனுக்கு 23 முதல் 27 வரை வசதி. 32 பாகையில் இரண்டு பக்கத்தாலும் அடி விழும். 25 பாகையில் தண்ணி பிடிக்கக் கூடிய ஒட்சிசன் லீற்றருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம்; 32 இல் அது 7.3 க்கு இறங்கும். அதே நேரம் சூடு கூட உடம்பு எரிக்கிற தீனும் கேட்கிற மூச்சும் கூடும். ஆகவே வெக்கைக் காலத்தில் தீனைக் கூட்ட வேண்டும், ஆனால் மிஞ்சின தீன் அழுகினால் ஒட்சிசன் இன்னும் இறங்கும். பாசிக்கல்லின் பெறுமதி இங்கேதான்: தின்னாவிட்டாலும் அது அழுகாது.

ஒட்டோ மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்று எடுத்துத் திரும்புவதைக் கண்டு பயப்பட வேண்டாம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேர்கிற இடத்தில் காற்றைப் பிடித்து வைக்க ஒரு பை அதற்கு இருக்கு. இடைக்கிடை என்றால் இயல்பு. எல்லா மீனும் திரும்பத் திரும்ப ஓடினால் ஒட்சிசன் காணாது என்று அர்த்தம். மேற்பரப்பைக் கலக்குகிற வேலையை உடனே கூட்டுங்கோ.

குளிர்விக்க, 12 வோல்ற்று கொம்பியூற்றர் பேன் இரண்டை விளிம்பில் கட்டி, காற்று தண்ணிக்கு மேல் சரிவாக ஓடுகிற மாதிரி வையுங்கோ. மேலே கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போட வேண்டும். மூடி இருந்தால் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் குளிராது. கச்சான் வறண்ட காற்று, அதனால் 2, 3 பாகை எளிதாக இறங்கும். வாடைக்காலத்தில் காற்றில் ஈரம் கூட, பேன் அவ்வளவு வேலை செய்யாது. ஆனால் அப்போது தேவையும் குறைவு. பேன் ஓடினால் தண்ணி வேகமாகக் குறையும். கிண்ணியா நானா சொன்ன மேல்நிரப்புக் கணக்கை இங்கே சேர்த்துப் பாருங்கோ.

ஐஸ் போத்தல் பலர் போடுகிறார்கள். ஒன்றரை லீற்றர் போத்தல் முழுக்க உருகினால் 110 லீற்றரில் ஏறத்தாழ ஒன்றரைப் பாகைதான் இறங்கும், இரண்டு மணித்தியாலத்தில் திரும்ப ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கம் நிலையான 30 பாகையை விடக் கெடுதல். தொட்டியின் இடத்தை மாற்றுவது அதைவிடப் பெரிய வேலை செய்யும்: தகரக் கூரை அறையில் இருந்து ஓட்டுக் கூரை அறைக்கு, மேற்குச் சுவரில் இருந்து வடக்குச் சுவருக்கு, உயர மேசையில் இருந்து பதிந்த மேசைக்கு. விளக்கு மாலை 6 மணிக்கு மேல் எரியட்டும், ஆறு மணித்தியாலம் போதும்.

கரண்ட் போனால் ஸ்பொஞ்ச் பில்டர் நின்றுவிடும். யு.எஸ்.பி எயார் பம்ப் ஒன்றும் 10,000 மில்லியம்பியர் பவர் பாங்க் ஒன்றும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும், ஒரு இரவைத் தாண்டும். பம்ப்பைத் தண்ணி மட்டத்துக்கு மேலே வையுங்கோ. கீழே வைத்தால் நின்ற நேரத்தில் குழாய் வழியாகத் தண்ணி திரும்பி ஓடும்.

கூட வைக்கிற மீன்: சிறிய ரெற்றா, சிறிய கொரிடோராஸ், செரி இறால். டேங்க் கிளீனர் என்கிற பெரிய மீன் வேண்டாம், பாசியை அதுவே முடித்துவிடும். கோல்ட் பிஷ், சிக்லிட், பெரிய பார்ப் ஒன்றும் வேண்டாம்.


உப்புவெளி_தொட்டி

அக்கா, பேன் வேலையைத் தொடங்குகிறேன். பாசிக்கல் பேசினும் வைத்தாயிற்று. கடைசியாக ஒன்று: இந்த எட்டும் நிலைத்தால் குஞ்சு எடுக்க வாய்ப்பு இருக்கா? பெண் ஆண் எப்படி அறிவது?


மட்டிக்களி_பச்சை

வாய்ப்பு இருக்கு, ஆனால் நன்றாகத் தின்று கொழுத்த பிறகுதான். மேலிருந்து பார்த்தால் பெண் நடுவில் அகன்றிருக்கும், ஆணை விடக் கொஞ்சம் பெரிது. ஒட்டோ பேரினத்தில் முட்டை இலையின் அடிப்பக்கம், கண்ணாடி என்று தனித்தனியாகவோ சிலவாகவோ ஒட்டும், ஒரு மில்லிமீற்றர் அளவு, கண்ணாடி மணி போலத் தெளிவாக இருக்கும். வெள்ளையாகி நூல் விட்டால் கரு இல்லை, எடுத்துவிடுங்கோ. இரண்டு மூன்று நாளில் பொரிக்கும்.

தூண்ட, மார்கழி மழையை விடச் சிறந்த நேரம் இல்லை. வெளித் தண்ணி தானாகவே குளிர்ந்திருக்கும். ஒரு கிழமை தண்ணி மாற்றாமல் நன்றாகத் தீன் கொடுத்து, பிறகு மழைத்தண்ணி கலந்த, தொட்டியை விட 2, 3 பாகை குளிர்ந்த தண்ணியால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கோ. அடுத்த நாள் காலை கண்ணாடியைப் பாருங்கோ.

குஞ்சை வேறு தொட்டிக்கு எடுத்தால் அங்கேயும் பாசிக்கல் பழுத்து நிற்க வேண்டும். முட்டைக்கரு தீர்ந்த நாளில் இருந்து அதற்கு வேறு தீன் இல்லை. வளர்த்த தொட்டியிலேயே விட்டு, இலைகளைக் கூட்டி வைப்பது பெரும்பாலும் நல்ல பலன் தரும்.

குஞ்சு மிஞ்சினால் ஆட்களுக்குக் கொடுங்கோ, கந்தளாய்க் குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். இதே குடும்பத்து டேங்க் கிளீனர் இந்த நாட்டுக் குளங்களில் ஏற்கெனவே பெருகி வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கு.


பாலையூற்று_பாசி

தம்பி, ஒரு சேர்ப்பு. மீன் வந்து முதல் பத்து நாள் தினமும் ஒரே நேரம், காலையில், ரோர்ச் அடித்து எட்டு வயிற்றையும் பாருங்கோ. ஒன்று மட்டும் தட்டையாக நின்றால் அதைப் பிரித்து 5 லீற்றர் பெட்டியில் பாசிக்கல் மூன்றோடும் எயார் ஸ்டோனோடும் வையுங்கோ. கூட்டத்தில் பின்னுக்கு நிற்கிற மீனுக்கு அந்தத் தனி மேய்ச்சல் நாலைந்து நாள் கிடைத்தால் போதும், வயிறு நிரம்பியதும் திருப்பிச் சேர்க்கலாம். பெட்டித் தண்ணியைத் தினமும் பாதி மாற்ற வேண்டும், தொட்டித் தண்ணியாலேயே.